நீலத்துக்குள் போன கல்யாண வீடு

தர்மபுரிக்காரனுக்குக் கடல் என்பது காலண்டரில் வருகிற ஒன்று. குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட ஆசாமி நெதர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு, கடல்மட்டம் உயர்வதைப் பற்றி இருபது வருடத்துக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் முதுகலை மாணவர்களுக்கு ஒரு வாரம் பருவநிலை மாற்றம் பற்றி வகுப்பெடுக்க முடியுமா என்று பேராசிரியர் கிறிஸ்துதாஸ் கேட்டதும் சரி என்றேன். மாணவர்கள் மேல் இருந்த அக்கறை பாதிக் காரணம். நெதர்லாந்தில் ஓயாமல் நசநசத்துக்கொண்டிருந்த மழை மீதிப் பாதி.

நான் வந்து சேர்ந்தேன். பெட்டி வரவில்லை. அது தனியாக எங்கோ ஊர் சுற்றப் போய்விட்டது. நெய்யூரில் கிறிஸ்துதாஸ் வீட்டில்தான் தங்கல். அவர் ஆஜானுபாகு. அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, உள்ளே இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. "சாருக்கு நல்லாத்தான் இருக்கு" என்று அவர் மனைவி லில்லி சிரிக்காமல் சொன்னார். அந்த ஒரு பொய்க்கே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு காலை உணவு வந்தது. ஆவி பறக்கும் புட்டு, அவித்த பயறு, பப்படம், இரண்டே கடியில் முடிந்துபோகிற மட்டிப்பழம். நெதர்லாந்தில் மதியச் சாப்பாடு என்பது இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே ஒரு பாலாடைக்கட்டி. அதை நின்றுகொண்டே தின்றுவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். சாப்பிட்டாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இங்கே மூன்றாவது புட்டு வேண்டாம் என்றதற்கு லில்லி முகம் வாடியது. வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை, தமிழ்நாட்டில் பிறந்தவனுக்குப் பஸ் ஏறத் தெரியாதா என்ற மிதப்பில் தனியாகக் கிளம்பினேன். கண்டக்டர் பேசியது தமிழ்தான். ஆனால் பாட்டுப் போல ஏறி இறங்கியதில், நான் ராகத்தைக் கவனித்துப் பொருளை விட்டுவிட்டேன். இறங்கிப் பார்த்தால் திருவட்டாறு. வந்ததுதான் வந்தோம் என்று ஆதிகேசவப் பெருமாளைப் பார்க்கப் போனேன். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார்கள். அந்தச் சட்டையைக் கழற்றுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. உள்ளே பெருமாள் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் வகுப்பு முடிந்திருந்தது.

இரண்டாவது வகுப்பும் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் இருந்தது. உருகும் பனி மலையைக் காட்டினேன். மெலிந்த பனிக்கரடியைக் காட்டினேன். கடைசி வரிசையில் ஒருவன் கண்ணைத் திறந்தபடியே தூங்கினான். கரடிக்காக என் நெதர்லாந்து மாணவர்கள் கண் கலங்குவார்கள். இவர்களுக்கு அது யாரோ தூரத்துச் சொந்தம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை இந்த மாவட்டத்தின் கடற்கரையையே திரையில் போட்டேன். இந்த நூற்றாண்டின் கடைசியில், உலகம் திருந்தாமலே இருந்தால், தண்ணீர் வரக்கூடிய தாழ்ந்த பகுதிகளுக்கு நீல நிறம் கொடுத்திருந்தேன். வகுப்பு மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒவ்வொருவரும் தம் ஊரைத் தேடினார்கள்.

"சார், அதக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்றாள் முன்வரிசைப் பெண். பெயர் ஷைனி. கடற்கரை ஊர், அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் உண்டு. பெரிதாக்கினேன். அவள் ஊர் முழு நீலம். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை, நான் அந்த ஊருக்குச் செய்தது போதும். "போட்டோ எடுத்துக்கட்டா சார்?" என்று கேட்டாள். வகுப்பே செல்போனைத் தூக்கியது. அன்றைக்கு மதியம் நெத்தலி மீன் அவியலோடு சோற்றை ஒரு பிடி பிடித்தேன். ஆசிரியனுக்கு அப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம்.

புதன்கிழமை ஷைனி மதியத்துக்கு மேல் வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள்.

"சார், அந்தப் படத்த நான் அப்பாக்கு அனுப்புனேன். கடலப் பாத்து இருக்க வீட்ட விட்டுட்டு, ரோட்டுக்கு வடக்க நம்ம தென்னந்தோப்புல புதுசா கட்டுவோம்னு நான் எத்தன நாளா சொல்லுதேன். அப்பா கேக்கவே இல்ல. படத்தப் பாத்தாலாவது கேப்பாவன்னு நெனச்சேன். அவிய பயந்துபோய் மாமனுக்கு அனுப்பிட்டாவ. மாமன் குடும்ப குரூப்புல போட்டுட்டாவ. ராத்திரிக்குள்ள மாப்பிள வீட்டுக்குப் போயிட்டு."

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும். மாப்பிள்ளை ஆன்றோ மஸ்கட்டில் வேலை பார்ப்பவன். அவன் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் மேடான இன்னொரு கடற்கரை ஊர்.

"போகட்டுமே" என்றேன். "கல்யாணம் ஆனதும் நீதான் அந்த ஊரைவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுவாயே. உன் ஊரில் தண்ணீர் வந்தால் அவர்களுக்கு என்ன?"

வெற்று விடைத்தாளைப் பார்ப்பது போல அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நான் எங்க சார் போறேன்? அவியல்லா எங்க வீட்டுக்கு வாறாவ."

கிறிஸ்துதாஸ் விளக்கினார். இந்தக் கடற்கரையில் பெரும்பாலும் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை கட்டிய பெண்ணின் ஊருக்கு வந்து குடியிருப்பான். இது தெரியாமல் நான் இத்தனை கடற்கரைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆன்றோவின் அம்மா புஷ்பம், "எம்மவன அந்த நீலத்துக்குள்ள அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. இவர்கள் கத்தோலிக்கர்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊரறிய அறிவிப்பது. இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிறு. சனிக்கிழமை மாலை ஜெபமாலை முடிந்ததும் பங்குச் சாமியாரைப் பார்த்து ஓலையை நிறுத்தச் சொல்லப் போவதாகப் புஷ்பம் அறிவித்திருந்தார்.

"ரெண்டு ஓல வாசிச்ச பொறவு நின்னுபோனா ஊருல என்ன பறைவாவ தெரியுமா சார்? ஊரு பறையிதது கூட போட்டு. எனக்கு ஆன்றோவப் பிடிச்சிருக்கு" என்றாள் ஷைனி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. லில்லி செய்த ரசவடைகூட உள்ளே இறங்கவில்லை. கிறிஸ்துதாஸ் ஒரு யோசனை சொன்னார். "நேராப் போயி, படம் தப்புன்னு சொல்லிரும். கம்ப்யூட்டர்ல கலர் மாறிப்போச்சுன்னு சொல்லும். ஒரு பொய்யில ஒரு பெண்ணு கரையேறும்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் திங்கட்கிழமை அதே வகுப்பில் அதே பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பாடம் பொய் என்று வெளியே சொல்லிவிட்டு அவளுக்கு எந்தப் பாடத்தை நடத்துவது? சொல்லலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் புரண்டேன். சனிக்கிழமை விடிந்தபோதும் முடிவு வரவில்லை.

மதியம் கிறிஸ்துதாஸின் காரில் புஷ்பத்தின் வீட்டுக்குக் கிளம்பினோம். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த சமயம் அது. பாலம் வந்தால் நெரிசல் தீரும் என்றார்கள். அதுவரை நெரிசல் நகரவே நகராது போலிருந்தது. முன்னால் தேங்காய் லாரி, பின்னால் விடாமல் ஹாரன் அடிக்கும் கேரளப் பஸ். நடுவில் எங்கள் கார் புகை விட்டு நின்றது. இருவரும் இறங்கித் தள்ளினோம். கடைக்காரர் ஒருவர் வெளியே வந்து, "ஏலே, சாருக்கு ஒரு கை குடுங்கலே" என்று கூவியதும் நாலு பேர் ஓடிவந்தார்கள். காரை ஓரங்கட்டியதும் அதே கடைக்காரர், "இனி பைய போலாம், சூடா இருக்கு" என்று ஆளுக்கொரு ஏத்தன்பழ பஜ்ஜியைக் கையில் கொடுத்தார். நெதர்லாந்தில் கார் நின்றால் ஒரு நம்பருக்குப் போன் செய்துவிட்டு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தனியாக நிற்க வேண்டும். பஜ்ஜிக்கு வழியில்லை. ஆனால் எங்களுக்குப் பைய போக நேரம் இல்லை. ஓர் ஆட்டோவைப் பிடித்து, பஜ்ஜியும் கையுமாகக் கடற்கரைக்கு விரட்டினோம்.

புஷ்பம் அம்மா வாசலிலேயே இருந்தார். தலைமுடி முடிந்து, கோயிலுக்குப் போகிற சேலை கட்டி, கையில் ஜெபமாலையோடு புறப்படத் தயாராக நின்றார். ஐம்பது வயது இருக்கும். என்னையும் என் தொளதொளச் சட்டையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்தப் படத்தப் போட்ட சாரு?"

"ஆமாம்மா."

"வாங்க, இரிங்க." கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அவித்த மரச்சீனிக் கிழங்கும் சிவக்கச் சிவக்கச் சாளை மீன் குழம்பும் எங்கள் முன் வந்தன. மேசையில் மாதா சுரூபத்தின்மேல் சாய்த்து வைத்திருந்த போனில் மஸ்கட்டிலிருந்து ஆன்றோவின் முகம் தெரிந்தது. நெட் நின்று நின்று வந்ததால் பாதி நேரம் வாயைத் திறந்தபடியே உறைந்திருந்தான்.

"நேராக் கேக்கேன் சாரே. அந்தப் படம் பொய்யா?"

மேசைக்கு அடியில் கிறிஸ்துதாஸ் என் காலை மிதித்தார். ஆம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பொய் இல்லம்மா" என்றேன். கிறிஸ்துதாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தியளா? அவரே சொல்லுதாரு." புஷ்பம் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "சாரே, சுனாமில எனக்க தங்கச்சிய அந்தக் கடலு கொண்டுட்டுப் போச்சு. அண்ணைக்கு எங்களுக்கு ஒருத்தரும் படம் போட்டுக் காட்டல்ல. காட்டியிருந்தா நான் அவளக் கையப் பிடிச்சு இழுத்துட்டு ஓடியிருப்பேன். இப்பம் நீங்க காட்டுதிய. பாத்துட்டும் எனக்க பிள்ளய அங்க அனுப்பணுமா? நீங்களே சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ அதிகாரிகளுக்கு இந்த மாதிரிப் படங்களைக் காட்டியிருக்கிறேன். அருமை என்பார்கள், காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். என் படத்தைப் பார்த்து நம்பி, அதற்காக ஒரு முடிவை மாற்றிய முதல் ஆள் இந்த அம்மாதான். நான் அவரை ஏமாற்றிவிட்டுப் போக இருந்தேன்.

பையிலிருந்த மடிக்கணினியை எடுத்துத் திறந்தேன். "அம்மா, நீங்கள் பயப்படுவது சரி. ஆனால் இது அன்றைக்கு வந்தது போல ஒரு காலையில் வருவது இல்லை. மெதுவாக, தலைமுறைக் கணக்கில் வருவது. ஓடத் தேவையில்லை. தள்ளிக் கட்டலாம், உயர்த்திக் கட்டலாம், கரையைக் காப்பாற்றலாம். அதற்கு நேரம் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தப் படம். நேரத்தை வீணாக்கினால்தான் ஆபத்து."

"சொல்லுதது எளுப்பம். நீங்க தூரத்துல பத்திரமா இருக்கிய. உங்க வீடு எங்க இருக்கு?"

நெதர்லாந்தில் எங்கள் ஊரின் படத்தைத் திறந்தேன். திரை முழுக்க ஒரே நீலம். கரை என்று ஒரு கோடு, அதற்குள்ளே எங்கள் தெரு.

"இதுவும் வருங்காலத்துப் படமா?"

"இல்லம்மா. இது இன்றைக்கு. கரைச் சுவரை எடுத்துவிட்டால் இப்போதே இவ்வளவும் தண்ணீர்தான். என் வீட்டு வாசல் கடல்மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே."

புஷ்பம் உட்கார்ந்துவிட்டார். "கடலுக்குக் கீழயா குடியிருக்கிய?"

"ஆமாம்."

"பொஞ்சாதி?"

"அவளும் அங்கேதான்."

"ராத்திரி உறக்கம் வருமா?"

"வரும். சுவரைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற எல்லாரும் அதற்காக வரி கட்டுகிறோம். பல நூறு வருடமாக அப்படித்தான்."

"அங்க மீனெல்லாம் உண்டா?"

"உண்டு. ஹெர்ரிங் என்று சாளை மாதிரி ஒரு மீன். வெங்காயத்தைத் தூவிப் பச்சையாகவே சாப்பிடுவார்கள்."

"பச்சையாவா!" கடலுக்குக் கீழே வாழ்வதைத் தாங்கிக்கொண்டவர் இதைத் தாங்கவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, கேட்காமலே என் தட்டில் இன்னும் இரண்டு மீனை வைத்தார். போனில் ஆன்றோவுக்கு உயிர் வந்தது. "அம்மா, சாரே கடலுக்குக் கீழ இருக்காவ. நான் ஷைனிக்கக் கூட கடலுக்குப் பக்கத்துல இருந்தா என்ன?"

"நீ மிண்டாத மக்கா, நான் யோசிச்சிட்டு இருக்கேன்."

ஜெபமாலைக்கான மணி அடித்தது. நான் கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தேன். புஷ்பம் என் கணினியை அவரே கையால் திருப்பி, ஷைனியின் ஊருக்குப் போகச் சொன்னார். நீலத்தைத் தாண்டி வடக்கே விரலை வைத்தார். "இது என்ன?"

"அது ரோட்டுக்கு வடக்கே. மேடு. அங்கே நீலம் இல்லை."

"அங்கதான் அந்தப் பிள்ளைக்கத் தென்னந்தோப்பு. வீட்ட அங்க கட்டிக் குடுத்தா எம்மவன் போவான். கடல்மேல இருக்க வீட்டுக்குப் போவமாட்டான். இத இப்பமே அவளுக்க அப்பாட்ட சொல்லுங்க."

கிறிஸ்துதாஸ் போன் போட்டார். மறுமுனையில் ஷைனியின் அப்பா முதலில் வள்ளத்தைப் பற்றித்தான் கேட்டார். கதவைத் திறந்தால் வள்ளம் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம். கடைசியில், "சரி, வள்ளத்த நான் நடந்துபோயே பாத்துக்கிடுதேன்" என்ற குரல் வந்தது. கூடவே ஒரு பெண் குரல் "மாதாவே" என்று கூவியது. அது ஷைனிதான். நான் நாற்காலியில் சாய்ந்து நன்றாக மூச்சு விட்டேன். அந்த வாரத்தில் அதுதான் முதல் முழு மூச்சு.

கிளம்பும்போது புஷ்பம் வாசல்வரை வந்தார். "சாரே, நீங்க வீட்டுக்குப் போனதும் அந்தச் சுவர ஒருக்கா போய்ப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணணும். மறக்கப்பிடாது."

ஞாயிறு காலை ஷைனியின் ஊர்க் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே அலைச் சத்தம். பூசை முடியும் தருவாயில் சாமியார் ஒரு தாளை எடுத்தார். மணமகன் ஆன்றோ, மணமகள் ஷைனி, மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்தவர் இருமினார். என் உயிர் போய் வந்தது. வெறும் இருமல்தான். சாமியார் தாளை மடித்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் மறைக்கல்வி வகுப்பு எத்தனை மணிக்கு என்று சொல்லத் தொடங்கினார். முன்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஷைனி ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்து அவள் அப்பாவோடு இரண்டு செந்துளுவன் பழமும் சாயாவும் சாப்பிட்டேன். அத்தனை ருசியான சாயாவை நான் குடித்ததில்லை.

திங்கட்கிழமை கடைசி வகுப்பு. பனிக்கரடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவரவர் வீட்டைப் படத்தில் கண்டுபிடித்து என்ன செய்யலாம் என்று சொல்லச் சொன்னேன். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

நெதர்லாந்து திரும்பினேன். வீட்டு வாசலில் எனக்கு முன்பாகவே என் பெட்டி வந்து நின்றது. எங்கெல்லாம் போனது என்று அது சொல்லவில்லை. மழை அதேபோலப் பெய்துகொண்டிருந்தது. பெட்டியை உள்ளேகூட வைக்காமல் சைக்கிளை எடுத்தேன். எங்கே என்று மனைவி கேட்டாள். சுவரைப் பார்க்க என்றேன். பயணக் களைப்பு என்று நினைத்திருப்பாள்.

இத்தனை வருடம் அந்தக் கரைக்குப் பின்னால்தான் படுத்து எழுந்திருக்கிறேன். படத்தில் கோடு போட்டிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் மெனக்கெட்டுப் போய்ப் பார்த்ததில்லை. சுவர் என்று நான் சொன்னது உண்மையில் புல் முளைத்த பெரிய மண்கரை. மேலே ஏறினேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அதைவிடக் கீழே எங்கள் கூரைகள். முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. கரை நெடுக நடந்து ஒரு விரிசலும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அது தெளிந்தது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு போன் போட்டேன்.

"சாரே, சுவரு இருக்கா?" முதல் கேள்வியே அதுதான். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

"இருக்கிறதம்மா. மேலே ஆடு மேய்கிறது."

"மாதாவே, ஸ்தோத்திரம்." அவர் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. போனை விலக்கிக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். "ஏட்டி ஷைனி, சாருக்கச் சுவரு நிக்குதாம்!"

தூரத்திலிருந்து ஷைனி கத்தினாள். "நம்ம வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுதாவன்னு சொல்லுங்க மாமி. ரோட்டுக்கு வடக்கன்னு சொல்லுங்க!"